முதல் பாட்டில் எங்கள் வீட்டுக்கு

மரக்காணம் உப்பளத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் யாரும் கிடையாது. உப்பங்கழியிலிருந்து தண்ணீரை இழுத்துப் பாத்திகளுக்கு விடும் ஆயில் இன்ஜினை ஓட்டியதால் ஊருக்கு அவர் இன்ஜின்காரர். உறவில்லை என்றாலும் நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயருக்கு நான் செய்து வைத்தது போதும்.

ஒல்லியான மனிதர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பீடி, வெற்றிலை, குடி எதுவும் கிடையாது, மூக்கு கெட்டுப்போகும் என்பார். அவருக்கு எல்லாமே மூக்குதான். உப்பளத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளைத் தாண்டிப் போகும்போது தலையைச் சற்றே தூக்குவார். "ஆறாவது வீட்ல பால் தீயுது பாருங்க" என்பார். ஆறாவது வீட்டுக்காரி அப்போதுதான் அடுப்பங்கரைக்கு ஓடுவாள். எங்கள் வீட்டில் அனுமந்தை மீன்காரியிடம் வாங்கிய சங்கரா மீன் நேற்றையதா இன்றையதா என்று வாசலுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவார். என் வீட்டுக்காரருக்கு இதில் எரிச்சல்தான். ஒரு மனுஷன் நிம்மதியாகப் பழைய மீன் சாப்பிட முடியவில்லையே என்று முணுமுணுப்பார்.

இன்ஜினை ஓடவிட்டுவிட்டால் அவருக்கு வேறு வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் எண்ணெய்களும் தண்ணீர்களும் செய்தார். கொட்டகையின் தகரக் கூரைமேல் வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள் வெயிலில் நிற்கும். எல்லாம் காலி பிராந்தி பாட்டில்கள், ஒரே உயரம், ஒரே தட்டை வடிவம். புதுச்சேரி பக்கத்தில் இருக்கும்போது அதற்கா பஞ்சம்? உப்பும் சாம்பலும் போட்டு உலுக்கிக் கழுவி, தலைகீழாகக் காயவைத்து, பழைய வாடை துளியும் இல்லை என்று மூக்குக்குத் தெரிந்த பிறகுதான் உள்ளே எதையும் ஊற்றுவார்.

தேங்காயெண்ணெயில் கரிசலாங்கண்ணியும் வெந்தயமும் போட்டு, வாயில் துணி கட்டிப் பதினைந்து நாள் வெயிலில் வைப்பார். நல்லெண்ணெயில் பூண்டும் மிளகும். நன்னாரி வேரைத் தட்டி ஊறவைத்துச் சர்க்கரைப் பாகில் கலந்த சர்பத். வெட்டிவேர் முடிச்சுப் போட்ட குடிதண்ணீர் எல்லா வீட்டுப் பானையிலும் இருக்கும், ஏனென்றால் எங்கள் குழாயில் வந்த தண்ணீர் உவர்த்துக் கிடக்கும். புதுச்சேரி பூக்கடையில் கழித்துப்போட்ட ரோஜா இதழ்களைக் கேட்டு வாங்கிவந்து பன்னீர்கூட எடுத்திருக்கிறார். பெரிய குண்டானில் தண்ணீரும் இதழும் போட்டு, நடுவில் செங்கல், அதன்மேல் கிண்ணம். மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டால் ஆவி மூடியில் முட்டிச் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் இறங்கும். கைக்குழந்தைகளுக்கு ஓமத் தண்ணீர். வயிறு உப்பி அழுகிற பிள்ளைக்கு ஒரு பாலாடை புகட்டினால் அடங்கிவிடும். எதற்கும் யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார்.

இன்னொன்றும் செய்வார், அது எங்கள் ஊரில் மட்டும்தான் முடியும். உப்பை வாரியெடுத்த பிறகு பாத்தியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும், தொட்டால் வழவழக்கும். நாக்கில் வைக்க முடியாத கசப்பு. கசப்புத் தண்ணீர் என்போம். அதில் நொச்சி இலையைப் போட்டு வெயிலில் ஊறவைத்து வடிகட்டி வைத்திருப்பார். நாளெல்லாம் உப்பு வாரி மூட்டு வீங்கியவர்கள் வெந்நீரில் அதைக் கலந்து காலை முக்கிக்கொண்டு உட்கார்ந்தால் வீக்கம் வற்றும். அதுவும் அதே பாட்டிலில்தான் இருக்கும். நிறமும் ஓமத் தண்ணீரைப் போலவே வெளிறிய மஞ்சள்.

ஒரு பாட்டிலிலும் சீட்டு ஒட்டியது கிடையாது. நான் பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்தில் நெல்லும் கிணறுமாக வளர்ந்து, எட்டாவது வரை படித்துவிட்டு இங்கே வாழ்க்கைப்பட்டவள். அந்தப் படிப்புத் திமிரில் வந்த புதிதில் சொன்னேன், பேர் எழுதி ஒட்டித் தருகிறேன் என்று. அவர் சிரித்தார். "மோந்து பாத்தா அதுவே பேர் சொல்லுது, எழுத்து எதுக்கும்மா?" என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது.

அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதி புரியாது.

கல்யாணமான மறுவருஷம் என் வீட்டுக்காரருக்கு உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் பிளந்துவிட்டது. இன்ஜின்காரரிடம் பாத எண்ணெய் வாங்கிவரச் சொன்னார். நான் போய்க் கேட்டதும் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். வாசற்படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரிக்கவில்லை, பக்கத்தில்கூட வரவில்லை. "இது என் எண்ணெய்க்கு அடங்காதும்மா. உள்ள சீழ் வெச்சிருக்குது. இப்பவே பஸ் ஏறுங்க" என்றார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் அறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் தாமதித்திருந்தால் காலை எடுத்திருப்பேன் என்றார். இன்றைக்கும் என் வீட்டுக்காரர் இரண்டு காலில் நடக்கிறார். தனக்கு எது முடியாது என்று தெரிந்த மனிதர் அவர். அதனால்தான் அவரை நம்பினோம்.

ஐப்பசி மழையில் உப்பளம் மூடிக்கிடந்தபோது அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் சளியும் தலைபாரமுமாகக் கொட்டகையிலேயே சுருண்டு கிடந்தார். நான்தான் கஞ்சி கொடுத்தேன். எழுந்து நடமாடத் தொடங்கியபோது கன்னம் ஒட்டியிருந்தது, மற்றபடி அதே மனிதர் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் மீன் குழம்பு கொண்டுபோனேன். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சட்டியில் மிச்சத்தைக் கிளறினால் குப்பென்று அடித்தது, கெட்டுப் போயிருந்தது. பதறி ஓடினேன். அவர் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். நல்ல குழம்பு என்றார். எனக்காகப் பொறுத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார் என்று முதலில் நினைத்து வெட்கப்பட்டேன். பிறகு கொட்டகைக்குள் டீசல் வாடை மூச்சை அடைத்ததைக் கவனித்தேன். குழாய் இணைப்பில் கசிந்து தரையில் குட்டை கட்டியிருந்தது. அவர் கால் அதில் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் புத்தி கேட்கவில்லை. அடுத்த நாள் அவர் தண்ணீர் கேட்டபோது வெட்டிவேர்ப் பானையை விட்டுவிட்டு வெறும் குழாய்த் தண்ணீரை மொண்டு கொடுத்தேன். சொம்பை மூக்கருகே கொண்டுபோனார், எப்போதும் செய்வதுபோல ஒரு நொடி கண்ணை மூடினார். "வேர் நல்லா எறங்கியிருக்குதும்மா" என்றார்.

சிரித்து வைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. சொன்னால் அவரிடம் யாரும் வரமாட்டார்கள். அந்த மனிதரிடம் வேறு என்ன இருந்தது, ஒரு இன்ஜினும் பத்து வீட்டு மனிதர்கள் வந்து கேட்பதும்தானே? அதைப் பிடுங்குகிற பாவி நானாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். தானாகவே நிறுத்திவிடுவார் என்றும் நினைத்தேன்.

அவர் நிறுத்தவில்லை. ஆனால் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. எதை வடிகட்டினாலும் முதல் பாட்டில் எங்கள் வீட்டுக்கு வரும். "மோந்து பாத்து சொல்லும்மா" என்பார். நான் முகர்ந்து பார்க்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். இத்தனை பெரிய மூக்குக்காரர் என்னிடம் கேட்கிறாரே என்று, உண்மையைச் சொல்வதென்றால், பெருமையாக இருந்தது. கவனமாக முகர்ந்து சொன்னேன். பூண்டு இன்னும் இறங்கணும் என்பேன், தலையாட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போவார்.

தை மாதம் கூந்தல் எண்ணெய் கொண்டுவந்தார். திறந்ததும் சிக்கு நாற்றம் அடித்தது, தேங்காயெண்ணெயே கெட்டது. ஊற்றும்போதே தெரிந்திருக்க வேண்டியது. அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். நல்லா இருக்குதுண்ணே என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு போய்விட்டார். அந்த வாரம் லைன் வீட்டுப் பெண்கள் எல்லோர் தலையிலும் அந்த நாற்றம்தான். அவரைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. நல்லவர்கள் நாங்கள்.

அதற்குப் பிறகு நான் பாட்டிலைத் திறப்பதையே விட்டுவிட்டேன். வாங்கிக்கொண்டு உள்ளே போவேன், கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நிற்பேன், வெளியே வந்து நல்லா இருக்குதுண்ணே என்பேன். திறந்தால்தானே தெரியும், தெரிந்தால்தானே சொல்ல வேண்டும்? அவர் போனதும் துணி துவைக்கிற கல்லருகே கொட்டிவிடுவேன். எங்கள் வீட்டில் ஒன்றரை வயசுப் பையன் இருந்தான். அவன் வாயில் ஒரு சொட்டுப் படவிடவில்லை. மற்ற வீடுகளிலும் பிள்ளைகள் இருக்கின்றனவே என்ற நினைப்பு எனக்கு வராமல் இல்லை. வரும்போதெல்லாம் வேறு வேலை பார்த்தேன்.

சித்திரையில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை அடித்தது. உப்பளத்தில் கோடை மழை என்றால் வீடு தீப்பிடித்த மாதிரி. வாரிக் குவித்த உப்பை மூட ஆணும் பெண்ணும் ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் இன்ஜினை நிறுத்தப் போய்விட்டார். யாரோ இரண்டு பெண்கள் கூரையிலிருந்த பாட்டில்களை அள்ளிக் கொட்டகைக்குள் போட்டார்கள். கூரையில் கால்வலிக்கானது ஒரு பக்கம், குடிப்பதற்கானது ஒரு பக்கம் என்று அவர் பிரித்து வைத்திருந்தது அந்த ஓட்டத்தில் யாருக்கு நினைவிருக்கும்?

மழை விட்ட பிறகு இரண்டு நாள் அவர் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. நான் வாசலிலிருந்து பார்த்தேன். பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

மூன்றாம் நாள் காலை எங்கள் வாசலுக்கு வந்தார். நான்காம் வீட்டு அஞ்சலையின் எட்டு மாசப் பெண் குழந்தை விடியலிலிருந்து வயிற்று வலியில் கத்திக்கொண்டிருந்தது. அஞ்சலை அனுமந்தைக் குப்பத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். எது கேட்டாலும் சிரித்துவிட்டுப் பிறகுதான் பதில் சொல்வாள்.

"அஞ்சலை ஓமத் தண்ணி கேக்குது. மோந்து பாத்து சொல்லும்மா" என்று இரண்டு பாட்டிலில் ஒன்றை என்னிடம் நீட்டினார். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தவை, ஒன்று சரியென்றால் மற்றதும் சரிதான் என்றார். அன்றைக்கு அவர் குரல் எப்போதும்போல இல்லை. இடுப்பில் பையன், அடுப்பில் உலை. வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். சுவரைப் பார்த்தேன். வெளியே வந்தேன்.

"நல்லா இருக்குதுண்ணே."

"காரமா வருதா?"

"வருது."

அவர் முகம் தெளிந்தது. மற்ற பாட்டிலை எடுத்துக்கொண்டு நான்காம் வீட்டுப் பக்கம் நடந்தார்.

நான் பின்னால் போய்க் கல்லருகே கவிழ்த்தேன். ஊற்றும்போது நொச்சி வாசனை எழுந்தது. கையில் பட்டது வழவழத்தது.

ஓடியிருக்க வேண்டும். நான்கு வீடு தூரம், கூப்பிட்டாலே கேட்கும். நான் நின்றேன். என்னிடம் கொடுத்ததுதான் மாறியிருக்கும், அஞ்சலைக்குப் போனது சரியான பாட்டிலாக இருக்கும் என்று நினைத்தேன். இப்போது போய்ச் சொன்னால், அப்போ என்னத்தை மோந்தாய் என்று கேட்பாரே என்றும் நினைத்தேன். உள்ளே உலை பொங்குகிற சத்தம் கேட்டது. சோறு குழைந்துவிடும் என்று போய் வடித்தேன். வடித்துவிட்டுத்தான் போனேன்.

அஞ்சலை காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்துப் புகட்டி முடித்திருந்தாள். குழந்தை நீலம்பாரித்துக் கத்தியது. ஓமம் காரம், எந்தப் பிள்ளையும் அதற்கு அழும். ஏன் அவள் முகர்ந்து பார்க்கவில்லை என்று பிறகு ஊரே கேட்டது. அவளே அன்றைக்கு என்னிடம் காரணம் சொன்னாள், சிரித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"நீ மோந்து பாத்து நல்லா இருக்குதுன்னு சொன்னியாமே. அண்ணன் எப்பவும் அதைத்தான் சொல்லிட்டுக் குடுப்பாரு."

எனக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொரு வீட்டிலும் அவர் என் வாக்கைச் சொல்லித்தான் கொடுத்துவந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்து நின்றதெல்லாம் அதற்குத்தான். ஆறு மாதமாக அந்தப் பத்து வீட்டுக்கும் மூக்கு நான்தான்.

பாதியைத் துப்பிவிட்டது, இன்னொரு பாலாடை கொடுக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், போதும் என்றேன். அது என்ன தண்ணீர் என்று சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

உச்சிப் பொழுதுக்குள் குழந்தைக்குப் பேதி பிடித்துக்கொண்டது. துணி துணியாக மாற்றியும் நிற்கவில்லை. இன்ஜின்காரர்தான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார், பஸ்ஸை மறித்தார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அஞ்சலை வெறும் துணியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த மாலை, ஆண்கள் எல்லோரும் இன்ஜின் கொட்டகை முன்னால் கூடினார்கள். நாங்கள் பெண்கள் ஒருபக்கம் நின்றோம். அஞ்சலை என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை வீட்டில் மிஞ்சியிருந்த பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு உப்பள மேஸ்திரி கேட்டார், கசப்புத் தண்ணீர் எப்படி மாறி வந்தது என்று. கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரிப்பவர் ஆயிற்றே என்றார்.

"எனக்கு மூக்கு செத்துப் போச்சுங்க" என்றார் அவர். "மழைக்காலத்துக் காச்சல்லயே போச்சு. மறைச்சிட்டேன்."

அவர் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் இரண்டடி முன்னால் வந்தார். கோபமாக இல்லை. அந்தக் காலையில் வாசலில் நின்றாரே, அதே முகம்.

"ஏம்மா, அன்னிக்கு நீ மோந்து பாத்த இல்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அஞ்சலையும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். இல்லை என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் ஒருவராகச் சுமந்திருக்க மாட்டார் என்பது மட்டும் தெரியும்.

"பாத்தேண்ணே" என்றேன். "ஓம வாசனைதான் வந்துது."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பாட்டிலும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"அப்ப இந்தப் பொண்ணுக்குக் குடுத்தது நல்ல பாட்டிலுங்க. அஞ்சலைக்குத்தான் நான் மாத்திக் குடுத்துட்டேன்."

அஞ்சலையின் புருஷன் பிடியை உதறிக்கொண்டு பாய்ந்தான். அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அடி விழுகிற சத்தத்தை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போது அஞ்சலை எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை சுட்டது.

"உன் புள்ளையாச்சும் தப்பிச்சிதேக்கா" என்றாள்.

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.